கையால் சுற்றும் பைப் கட்டர்: பைப், சாஃப்ட் அறுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பிளம்பிங், போர்வெல், பட்டறை வேலை பார்ப்பவர்களும், சொந்தத் தோட்டத்து வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கிற விவசாயிகளும் எங்கள் பட்டறைக்கு வந்து கேட்கிற கேள்விகள் இவை. கரண்ட் இல்லாமல் கையாலேயே வெட்டுகிற கருவிகள் பற்றி மட்டும்தான் இங்கே பேசுகிறோம். அதாவது சக்கரம் வைத்த பைப் கட்டரும் ஆக்சா பிளேடும் (இரும்பு அறுக்கும் கை ரம்பம்).

பைப் கட்டர் எப்படி வெட்டுகிறது? ரம்பம் மாதிரி பல் எதுவும் தெரியவில்லையே?

பல் கிடையாது. பிறை மாதிரி வளைந்த இரும்புச் சட்டம். அதில் ஒரு பக்கம் கூரான விளிம்புள்ள எஃகுச் சக்கரம், எதிர்ப்பக்கம் இரண்டு ரோலர், பின்னால் கைப்பிடி வைத்த திருகு. பைப்பை நடுவில் வைத்துத் திருகினால் சக்கரம் பைப்பில் பதியும். கட்டரைப் பைப்பைச் சுற்றி ஒரு சுற்றுக் கொண்டுவந்தால் ஒரு கோடு விழும். மறுபடி கொஞ்சம் திருகி மறுபடி சுற்று. கோடு பள்ளமாகி, பள்ளம் ஆழமாகி, கடைசியில் பைப் இரண்டாகும்.

இதில் இரும்புத் தூள் அனேகமாக விழாது என்பதைக் கவனியுங்கள். ஆக்சா பிளேடு இரும்பைச் சுரண்டி வெளியே தள்ளுகிறது. சக்கரமோ இரும்பை இரண்டு பக்கமும் ஒதுக்கிக்கொண்டு இறங்குகிறது. முனை நேராக வருவதற்கும், பைப்பின் உள்பக்கம் உதடு மாதிரி பிசிறு நிற்பதற்கும், உள்ளே வெற்றில்லாத கெட்டியான சாஃப்டை (மோட்டார் போன்றவற்றில் சுழலும் இரும்புத் தண்டு) இது வெட்டாததற்கும் காரணம் இதுவே.

இப்போதுதான் எல்லார் கையிலும் கிரைண்டர் இருக்கிறதே, இது எதற்கு?

கிரைண்டர் (சுழலும் தட்டால் இரும்பை வெட்டும் கரண்ட் கருவி) வேகம்தான், மறுக்கவில்லை. கேட் வேலை, ஆங்கிள், பட்டை, துருவேறி எதற்கும் உதவாத பழைய பைப் என்றால் நாங்களும் கிரைண்டரைத்தான் எடுக்கிறோம். ஆனால் மரை போட வேண்டிய ஜி.ஐ. பைப் (துத்தநாகம், அதாவது நாகம் பூசிய இரும்புப் பைப்) என்றால் கதை வேறு. கிரைண்டரில் கையால் பிடித்து வெட்டிய முனை ஒரு பக்கம் சரிந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு சரிவாக இருந்தாலும், மரை போடும் டை அந்தச் சரிவிலேயே ஏறும். மரை கோணலாகும், சாக்கெட் கோணலாக உட்காரும், எத்தனை நூல் சுற்றினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். ‘மரையில் சுற்றுகிற டேப் சரியில்லை’ என்று வருபவர்களின் பைப் முனையில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் பாதி நேரம் குற்றம் டேப்பில் இருக்காது.

அடுத்தது நெருப்பு. மாட்டுக் கொட்டகைப் பக்கம், வைக்கோல் படப்புப் பக்கம், கூரை வேய்ந்த மோட்டார் ரூம், டீசல் கேன் நிற்கிற இடம் - இங்கெல்லாம் பொறி பறக்கிற கருவியை எடுக்கவே கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துத் தோட்டங்களில் தரையில் கிடக்கும் சருகு ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. சக்கரக் கட்டரில் பொறியே வராது.

மூன்றாவது, கரண்ட். தோட்டத்துக் கிணற்று மேட்டில் மும்முனை மின்சாரம் இருக்கலாம். கிரைண்டர் போட ஒரு பிளக் பாயிண்ட் பல இடங்களில் இருக்காது. ரெண்டு இஞ்ச் வரை வெட்டும் கட்டர் இரண்டரை, மூன்று கிலோ எடைதான். டிவிஎஸ் 50 பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

காஸ் கட்டர் வைத்து ஜி.ஐ. பைப்பை வெட்டுவது பற்றி ஒரு வார்த்தை: வேண்டாம். பைப்பின் மேல் பூசிய நாகம் எரிந்து வரும் வெள்ளைப் புகையை மூடிய இடத்தில் சுவாசித்தால் ராத்திரி குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வேண்டியதுதான். வெல்டர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

மோட்டார் சாஃப்டை இந்தச் சக்கரக் கட்டரில் வெட்டலாமா?

முடியாது. பைப்பில் இரண்டரை, மூன்று மில்லி இரும்பைத் தாண்டினால் அந்தப் பக்கம் வெற்றிடம். ஒதுங்குகிற இரும்பு உள்ளே போய்விடும். கெட்டிச் சாஃப்டில் ஒதுங்க இடமில்லை. சுற்றச் சுற்ற ஒரு பள்ளம் விழும், அதற்குமேல் சக்கரம் இறங்காது. திருகை இறுக்கினால் சக்கரத்தின் விளிம்பு உடையும், இல்லாவிட்டால் சக்கரத்தைத் தாங்கும் ‘பின்’ (அச்சாணி) வளையும்.

‘சாஃப்ட்’ என்று கொண்டுவருவதெல்லாம் கெட்டியும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடை ஷட்டரைச் சுருட்டுகிற தண்டு பல இடங்களில் உள்ளே வெற்றான பைப்தான். அதைத் தாராளமாகச் சக்கரத்தில் வெட்டலாம். முனையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். முனை அடைத்திருந்தால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், சத்தமே சொல்லிவிடும்.

அப்படியானால் கெட்டிச் சாஃப்டுக்கு என்ன வழி?

ஆக்சா பிளேடுதான். 12 இஞ்ச் பிளேடு, நல்ல சட்டம், அசையாத வைஸ் (இரும்பை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி). இந்த மூன்றில் வைஸை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு சாஃப்ட் அறுப்பவரைப் பார்த்தால் எங்களுக்குக் காலைத்தான் பார்க்கத் தோன்றுகிறது.

பிளேடில் ஒரு இஞ்சுக்கு எத்தனை பல் என்று எழுதியிருக்கும்: 18, 24, 32. கெட்டி இரும்புக்குப் பெரிய பல், அதாவது 18. இருபத்தைந்து மில்லிக்கு மேல் போனால் 14 பல் கிடைத்தால் இன்னும் நல்லது. பொடிப் பல் வைத்துக் கெட்டி இரும்பை அறுத்தால் தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு பிளேடு வழுக்க ஆரம்பிக்கும். நம் ஆட்கள் பலர் கடையில் ‘ஒரு ஆக்சா பிளேடு’ என்று மட்டும் கேட்டு வாங்குகிறார்கள். கடைக்காரர் எதைக் கொடுக்கிறாரோ அதுதான்.

அறுப்பதற்கு முன் ஒரு அரத்தால் சாஃப்டின் ஓரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் கடித்தால் பிளேடும் கடிக்கும். கண்ணாடி மேல் போவதுபோல அரம் சறுக்கினால் அது மேலே கடினமாக்கப்பட்ட சாஃப்ட். ஹைட்ராலிக் ஜாக்கியின் குரோம் பூசிய தண்டு இந்த வகை. அதில் பிளேடை வீணாக்க வேண்டாம். கட்டிங் வீல் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். சாதாரண மைல்ட் ஸ்டீல் பிரைட் ராடும், மோட்டார் சாஃப்டுக்குப் பரவலாக எடுக்கிற இ.என்.8 இரும்பும் கடினமாக்காத நிலையில் கைப் பிளேடிலேயே அறுபடும். நேரம்தான் எடுக்கும்.

முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்தம். பின்னால் இழுக்கும்போது தூக்கலாக. நிமிடத்துக்கு நாற்பது, ஐம்பது தள்ளுக்கு மேல் போகாதீர்கள். வேகமாக அறுத்தால் பிளேடு சூடேறிப் பல் மழுங்கும், அவ்வளவுதான் மிச்சம். பிளேடின் முழு நீளத்தையும் பயன்படுத்துங்கள். நடு மூன்று இஞ்சை மட்டும் தேய்த்துவிட்டு ‘பிளேடு போச்சு’ என்று தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

அறுத்த பிறகு லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) முனையின் முகம் கடைய வேண்டுமென்றால் ஒரு நூல், அதாவது மூன்று மில்லி, கூடுதலாக விட்டு அறுங்கள். இரண்டு முனையும் கடைய வேண்டுமென்றால் இரண்டு நூல். சரியான அளவுக்கே அறுத்துக் கொண்டுபோனால் லேத்காரர் சாஃப்டைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

பிளேடு அடிக்கடி உடைகிறது. மட்டமான பிளேடா?

இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் வேறு. சட்டத்தின் சிறகு நட்டு தளர்வாக இருந்தால் பிளேடு வளைந்து உடையும். பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், அதைத் தலைகீழாக மாட்டுகிறவர்களும் உண்டு. மெல்லிய பைப்பில் பெரிய பல் பிளேடு வைத்தால் பைப்பின் விளிம்பு இரண்டு பல்லுக்கு நடுவே மாட்டி, பல் கொத்தாகப் பெயரும். எப்போதும் மூன்று பல்லாவது இரும்பின் கனத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது கணக்கு. 24 பல் பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிக்குச் சற்று அதிகமான இடைவெளி. ஆகவே மூன்று மில்லிக்கு மேல் கனமுள்ள பைப்புக்கு அது சரி. அதற்குக் குறைந்தால் 32.

பலருக்குத் தெரியாத ஒன்று: பாதி அறுத்த பிறகு பிளேடு உடைந்து புதுசு மாட்டினால், பழைய வெட்டிலேயே அதை இறக்காதீர்கள். தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு ஒல்லியாக இருக்கும். புது பிளேடின் பல் அகலம். உள்ளே சிக்கி, அதுவும் உடையும். பைப்பைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

பைப்பில் மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டை இருக்கிறதே, வெட்டுவதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. ஐ.எஸ். 1239 என்ற இந்தியத் தரப்படி மஞ்சள் லேசான ரகம், நீலம் நடுத்தரம், சிவப்பு கனமானது. அரை இஞ்ச் பைப்பில் நீலத்தின் கனம் 2.6 மில்லி, சிவப்பு 3.2. ஒரு இஞ்சில் நீலம் 3.2, சிவப்பு 4 மில்லி. சிவப்புக்குக் கூடுதல் சுற்று வேண்டும், மஞ்சளில் மரை போட்டால் மிச்சம் நிற்கிற இரும்பு ரொம்பக் குறைவு. மஞ்சள் பைப்பில் கட்டர் திருகை மிகவும் மெதுவாக இறுக்குங்கள், சீக்கிரம் நசுங்கும்.

‘அரை இஞ்ச்’ பைப்பை டேப் வைத்து அளந்தால் முக்கால் இஞ்சுக்கு மேலே வருகிறதே?

அரை இஞ்ச் என்பது அந்தப் பைப்பின் பெயர், அளவு அல்ல. வெளி விட்டம் 21.3 மில்லி. முக்கால் இஞ்ச் 26.9, ஒரு இஞ்ச் 33.7, ஒன்றேகால் 42.4, ஒன்றரை 48.3, ரெண்டு இஞ்ச் 60.3. பைப் கட்டரில் ‘2 இஞ்ச் வரை’ என்று போட்டிருந்தால் இந்தப் பெயர்க் கணக்குத்தான், 60 மில்லி பைப் அதில் போகும். காப்பர் டியூப் கட்டரில் போட்டிருப்பது வெளி விட்டக் கணக்கு. ஆன்லைனில் ஆர்டர் போடும்போது இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

சரி, வெட்டும் முறையைச் சொல்லுங்கள்.

பைப்பைப் பைப் வைஸில் பிடியுங்கள். சங்கிலி வைஸ் என்றாலும் சரி. வெட்டும் இடம் வைஸிலிருந்து ஒரு சாண் தள்ளி இருந்தால் கட்டர் இடிக்காமல் சுற்றும். அளவு குறிக்கும்போது சாக்கெட்டுக்குள் போகிற மரையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரை இஞ்ச் பைப்பில் ஒவ்வொரு முனையிலும் ஏறத்தாழ நான்கு நூல் உள்ளே போகும். மண், சுண்ணாம்பு, பெயிண்ட் இருந்தால் துடைத்துவிடுங்கள்.

கட்டரை மாட்டி, சக்கரம் குறியின் மேல் தொடுகிற அளவுக்கு மட்டும் திருகுங்கள். முதல் சுற்று முழுக்க லேசாக. இந்த முதல் சுற்றுக்குத்தான் பொறுமை வேண்டும், மற்றதெல்லாம் அதன் வழியில் போகும். கோடு தன்னோடு தானே வந்து சேர்ந்துவிட்டதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடியைக் கால் திருப்பு இறுக்கிக்கொண்டே போங்கள். ‘எதற்குக் கால் கால் திருப்பு, ஒரேயடியாக இறுக்கலாமே’ என்று நினைக்கிற கைதான் சக்கரத்தை உடைக்கிறது. பைப்பும் லேசாக முட்டை வடிவமாகும். அப்புறம் டை அதில் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் மரை போடும்.

முடியப்போகிற நேரத்தில் நீளமான பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். ஒரு லெங்த் பைப் ஆறு மீட்டர், விழுந்தால் காலில்தான்.

கோடு சேராமல் திருகு மாதிரி சுற்றிச் சுற்றி ஓடுகிறது. ஏன்?

சக்கரத்தின் பின் தேய்ந்து சக்கரம் ஆடுகிறது, அல்லது ரோலர் ஒன்று தேய்ந்திருக்கிறது, அல்லது சட்டமே கீழே விழுந்து முறுக்கிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டுக்கும் மருந்து உண்டு, மூன்றாவதற்குக் கிடையாது. எதுவும் தேயாமல் ஓடினால் முதல் சுற்றை மறுபடி லேசாகப் போடுங்கள்.

உள்ளே நிற்கிற பிசிறை எடுத்தே ஆக வேண்டுமா? தண்ணீர் எப்படியும் போகத்தானே போகிறது?

எடுத்தே ஆக வேண்டும். அரை இஞ்ச் நீலப் பட்டை பைப்பின் உள் வழி சுமார் 16 மில்லி. சுற்றிலும் ஒரே ஒரு மில்லி பிசிறு நின்றால் அந்த இடத்தில் வழி 14 மில்லியாகிறது. பரப்பளவில் பார்த்தால் கிட்டத்தட்ட கால் பங்கு போச்சு. வீட்டுக்குள் பத்து இடத்தில் வெட்டி ஒட்டுகிறோம் என்றால், பத்து இடத்திலும் இந்தக் கழுத்து. மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு அழுத்தம் ஏற்கெனவே குறைவு. ஷவரில் வேகம் இல்லை என்று பிறகு பம்ப் வாங்கி மாட்டுகிறார்கள்.

நம் பக்கத்துப் போர் தண்ணீர் வேறு உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் இந்தப் பிசிறைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. பழைய பைப்பைக் கழற்றிப் பார்த்தால் அடைப்பு பெரும்பாலும் ஜாயிண்ட் பக்கம்தான் இருக்கும்.

எடுப்பதற்கு ரீமர் இருக்கிறது. கூம்பு வடிவத்தில் வரிவரியாக வெட்டு முனை இருக்கும், முனையில் வைத்துத் திருப்பினால் உதடு சீவி வந்துவிடும். இல்லாவிட்டால் வட்ட அரம் போதும். மரை போடுவதற்கு முன்பு எடுங்கள். பைப்பை முனை கீழே இருக்குமாறு சாய்த்துக்கொண்டு எடுத்தால் தூள் உள்ளே போகாது. வெட்டிய முனையிலும் மரையிலும் நாகப் பூச்சு போய்விடும், அதனால் ஜாயிண்ட் போட்ட பிறகு வெளியே தெரிகிற மரையில் ரெட் ஆக்சைடு ஒரு கை பூசிவிடுங்கள்.

கரண்ட் வயர் போகிற இரும்பு கண்டியூட் என்றால் பிசிறை இன்னும் கவனமாக எடுக்க வேண்டும். வயரை இழுக்கும்போது அது கத்தியாக உரசி இன்சுலேஷனைச் சீவிவிடும்.

பைப் சுவரை ஒட்டிப் போகிறது. கட்டரைச் சுற்ற இடமில்லை.

ஒற்றைச் சக்கரக் கட்டர் முழுச் சுற்றும் வர வேண்டும். இரண்டு ரோலருக்குப் பதில் அங்கேயும் சக்கரமே வைத்த மூன்று சக்கரக் கட்டர், நான்கு சக்கரக் கட்டர் என்று உண்டு. அவற்றை முழுதாகச் சுற்ற வேண்டாம். மூன்றில் ஒரு பங்கு போல முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். ரோலர் இல்லாததால் நேராகப் பிடித்துக்கொள்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. அவசரத்துக்கு ஆக்சா பிளேடு ஒன்றை ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் பிடித்தும் அறுக்கலாம். அழகாக வராது, ஆனால் ஆகும்.

அடிபம்பு கழற்றி மாட்டுகிறோம். பைப்பும் கம்பியும் எதில் வெட்டுவது?

ஊர்ப் பொது இடங்களில் நிற்கும் அடிபம்புகளில் நாம் அதிகம் பார்ப்பது இந்தியா மார்க் 2. 1970களில் யூனிசெஃப் துணையோடு உருவாகி, 1979இல் ஐ.எஸ். 9301 என்று தரம் பெற்றது. இதில் தண்ணீர் ஏறுகிற பைப் ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ.; உள்ளே போகிற கம்பி 12 மில்லி கெட்டி ராடு. ஆக ஒரே வேலையில் இரண்டு கருவியும் வேண்டும். பைப்புக்குச் சக்கரக் கட்டர், கம்பிக்கு ஆக்சா பிளேடு.

இடையில் வருகிற கம்பிகள் எல்லாம் மூன்று மீட்டர், இரு முனையும் மரையோடு வரும். மேலே வருகிற கடைசிக் கம்பியை மட்டும்தான் அந்த இடத்திலேயே பம்பின் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பு மட்டத்துக்குக் குறித்து அறுத்து, 12 மில்லி டை வைத்து மரை போட வேண்டும். இங்கே முனை நேராக அறுபடுவது முக்கியம். கோணலாக மரை விழுந்தால் சங்கிலி மாட்டும் இடத்தில் கம்பி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு உரசும். நேராக அறுக்க, கம்பி மேல் ஒரு ஹோஸ் கிளிப்பை இறுக்கி அதன் ஓரத்தோடு பிளேடை ஓட்டுங்கள். அறுப்பதற்கு முன் கீழ்க் கம்பி வைஸில் பிடிபட்டிருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். கம்பி மொத்தமும் குழிக்குள் போய்விட்டால் அன்றைய நாள் அதோடு சரி. குறித்த இடத்துக்குக் கீழே துணியைச் சுற்றிவையுங்கள், தூள் குழிக்குள் போக வேண்டாம்.

மார்க் 3 என்று ஒன்று உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் நடந்த சோதனைகளிலிருந்து வந்தது. அதில் பைப் இரண்டரை இஞ்ச். பைப்பைக் கழற்றாமலேயே உள்ளே இருக்கும் பிஸ்டனை மேலே எடுப்பதற்காக இப்படி அகலமாக வைத்தார்கள். ரெண்டு இஞ்ச் கட்டர் அதற்குப் பற்றாது.

ஸ்டெயின்லெஸ் பைப்புக்கும் இதே கட்டரா?

சக்கரம் வேறு. ஸ்டெயின்லெஸ் வெட்ட வெட்ட அந்த இடத்தில் இன்னும் கடினமாகும் உலோகம். ஒரே இடத்தில் அழுத்தாமல் தேய்த்துக்கொண்டிருந்தால் சக்கரம்தான் தேயும். அதற்கென்று வருகிற சக்கரத்தை வாங்கி, அதை ஜி.ஐ. பைப்புக்குப் பயன்படுத்தாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இரும்புத் துகள் ஒட்டிய சக்கரம் பட்டால் பளபளக்கிற கைப்பிடிக் கம்பியில் கொஞ்ச நாளில் துருக் கோடு தெரியும். வாடிக்கையாளர் ‘மட்டமான ஸ்டீல் போட்டுவிட்டீர்கள்’ என்பார்.

ஏசி காப்பர் டியூப்?

உள்ளங்கையில் அடங்குகிற சின்ன டியூப் கட்டர். சட்டென்று நசுங்கும், ஆகவே இன்னும் லேசாகத் திருகுங்கள். பிசிறு எடுக்கும்போது டியூப்பைக் கண்டிப்பாகக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். காப்பர் தூள் கம்ப்ரஸருக்குள் போகக் கூடாது.

பி.வி.சி., சி.பி.வி.சி.?

வேண்டாம். அதற்குக் கத்தரி மாதிரி தனிக் கட்டர் இருக்கிறது, பொடிப் பல் பிளேடும் போதும்.

பழைய வீட்டில் ஜி.ஐ. லைனை வெட்டி எடுக்கப் போகிறோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?

ஒன்று, ரொம்ப முக்கியமானது. பழைய வீடுகளில் எர்த் வயரைத் தண்ணீர்ப் பைப்பிலேயே கட்டிவைக்கும் வழக்கம் இருந்தது. மாசி வீதிகளைச் சுற்றியுள்ள சந்துகளில் பழைய வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வீட்டில் ஏதோ ஒரு மாவு கிரைண்டரோ ஹீட்டரோ கசிந்துகொண்டிருந்தால் அந்தக் கரண்ட் பைப் வழியாகத்தான் மண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் வெட்டினால் இரண்டு துண்டையும் இரண்டு கையில் பிடித்திருக்கிற நீங்கள்தான் இணைப்பு. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு வெட்டுங்கள். வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியனை வைத்துத் தனி எர்த் போடச் சொல்லுங்கள், குறிப்பாகப் பிளாஸ்டிக் பைப்புக்கு மாற்றுகிறீர்கள் என்றால்.

புதுக் கட்டர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? எப்படிப் பேணுவது?

ஜலந்தர் கைக்கருவிகளுக்குப் பேர்போன ஊர். அங்கே செய்ததும் கிடைக்கும், வெளிநாட்டுப் பெயர் போட்டதும் கிடைக்கும். பெயரைவிடக் கையில் எடுத்துப் பார்ப்பது மேல். சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடக் கூடாது. சக்கரம் இரண்டு ரோலருக்கும் சரியாக நடுவில் வந்து நிற்கிறதா என்று திருகிப் பாருங்கள். திருகு முழு நீளமும் சிக்காமல் ஓட வேண்டும். அப்புறம் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி: ‘இதற்கு உதிரிச் சக்கரமும் பின்னும் உங்களிடம் இருக்கிறதா?’ இல்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் துடைத்து, திருகு மரையிலும் ரோலர் பின்னிலும் ஒரு சொட்டு எண்ணெய். சக்கரத்தின் விளிம்பில் சின்ன உடைசல் தெரிந்தாலும், வெட்ட வழக்கத்தைவிடக் கூடுதல் சுற்று எடுத்தாலும் மாற்றிவிடுங்கள். தீட்டிப் பயன்படுத்தலாம் என்று கிரைண்டரில் காட்டினால் விளிம்பு நடுவிலிருந்து விலகிக் கோடு ஓட ஆரம்பிக்கும். மாற்றுவது சுலபம்: பின்னைத் தட்டி எடுத்து, பழைய சக்கரத்தை உருவி, புதுசை வைத்துப் புதுப் பின்னைப் போட வேண்டும். பழைய பின்னையே திரும்பப் போடுவதில் மிச்சமாவது சில ரூபாய்தான், புதுச் சக்கரமும் ஆடும்.